தெருவுக்குக் குறுக்கே ஒரு நீல வயர்

அத்தை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அத்தை தன் வாசலில் நின்று கூப்பிட்டால் எங்கள் அடுப்படியில் இருந்து அம்மா பதில் சொல்வாள். இங்கிருந்து குழம்பு வாசம் அங்கே போகும், அங்கிருந்து டிவி சத்தம் இங்கே வரும். இன்டர்நெட் மட்டும் அந்தத் தெருவைத் தாண்ட மாட்டேன் என்றது.

எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்குக் கொஞ்சம் தள்ளி, மலையை ஒட்டிக் கிடக்கிறது. செல்போன் டவர் மலைக்கு அந்தப் பக்கம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால் பேசலாம். பேசிக்கொண்டே நடந்தால் கட்டாகிவிடும். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த கேபிள்காரர் தெருவின் வடக்கு வரிசையோடு நின்றுகொண்டார். “தெக்கு வரிசைக்கு அடுத்த மாசம் வந்துரும் தம்பி” என்றார். எந்த மாதம் கேட்டாலும் அதே பதில்தான். அத்தை வீடு வடக்கு வரிசை. வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன், அம்மா முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமென்று போட்டுக்கொடுத்த இணைப்பு அது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்குப் பஸ்ஸில் எழுதியிருக்கும் எண் தெரியும், ஊர்ப் பெயர் தெரியாது. படித்து முடித்தபின் திருமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் நின்றேன், பிறகு கூரியர் பையைத் தூக்கினேன், பிறகு சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதுதான் ஆகாத காரியம். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மா பார்ப்பாள், எழுந்தால் அப்பா பார்ப்பார். பைக்கை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலை வரைக்கும் போவேன், லாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். வந்து சேர்ந்ததும் மறுபடி சாவியைத் தேடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டில் இருந்தபடியே வேலை என்று ஆள் எடுத்தது. பொருள் வாங்கியவர்கள் ஏதாவது குறை சொல்லி எழுதினால், திரையில் உடனுக்குடன் பதில் எழுத வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளை அத்தை வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே முடித்துவிட்டேன். கடைசிச் சுற்றுக்கு மெயில் வந்தபோதுதான் நிபந்தனைகளைப் படித்தேன். எந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறோமோ அந்த அறையில் இருந்தே தேர்வு எழுத வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும், வேறு ஆள் கூடாது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்பு வைஃபையாக இருக்கக் கூடாது, வயர் வழியாக வர வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்துபோனால் தேர்வு அந்த இடத்தோடு முடிந்தது; மறு வாய்ப்பு இல்லை.

அத்தை வீட்டில் அறை என்று சொன்னால் அந்த ஹால்தான். அதில் அத்தை, டிவி, அத்தைக்குத் துணையாக ஓயாமல் வந்து போகும் தெருப் பெண்கள். எங்கள் வீட்டில் நெல் மூட்டை போட்டிருந்த ஒரு சின்ன அறை இருந்தது. அம்மா மூட்டைகளை நகர்த்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தாள். ஆக, அறை இங்கே. இன்டர்நெட் அங்கே. நடுவில் தெரு.

“ஒயரு போட்டுக்கங்க மருமகனே, நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?” என்றாள் அத்தை. “ஆனா என் முருங்கையில கட்டாதீங்க. லேசா இழுத்தாலே கொம்பு ஒடிஞ்சிரும்.”

என் லேப்டாப் மெலிசு வகை. லேன் வயர் சொருகுகிற ஓட்டை அதில் கிடையாது. ஒரு பக்கம் யூஎஸ்பி முனையும் மறுபக்கம் லேன் ஓட்டையும் உள்ள ஒரு சின்ன டப்பா இதற்கென்று விற்கிறார்கள். அதை வாங்கினேன். டப்பாவை அத்தை வீட்டு மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, மோடத்தோடு வந்த குட்டை லேன் வயரால் இரண்டையும் இணைத்தேன். டப்பாவின் யூஎஸ்பி முனையில் இருந்து எங்கள் வீடு வரைக்கும் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒன்றோடு ஒன்று சொருகி இழுத்தேன். ஒரு வயர் அத்தை வாசல் வரைக்கும் வந்தது, இன்னொன்று தெருவின் பாதி வரைக்கும். இன்னும் இரண்டு வாங்கி வந்து எங்கள் ஜன்னலுக்குள் கொண்டுவந்து லேப்டாப்பில் சொருகினேன்.

டிண்டிங் என்றது. வந்துவிட்டது என்று எழுந்தே நின்றுவிட்டேன். உடனே டங்கென்று இன்னொரு சத்தம், போய்விட்டது. மறுபடி டிண்டிங், மறுபடி டங். ஒரு மத்தியானம் முழுக்க அந்த இரண்டு சத்தமும் மாறி மாறிக் கேட்டன. அத்தை வீட்டு வாசலில் நின்று டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “பச்சை லைட்டு எரியுதுப்பா… அமந்துருச்சுப்பா… எரியுதுப்பா” என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடி ஓடி ஒவ்வொரு சொருகலையும் அழுத்திவிட்டு வந்தேன். இரண்டு வயர்களோடு நிறுத்திப் பார்த்தால் வேலை செய்தது. மூன்றாவதைச் சேர்த்தால் தடுமாறியது. நான்காவதில் அந்தக் கூத்து.

அப்பா தோட்டத்தில் இருந்து வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “அம்புட்டு தூரம் தள்ளுறதுக்கு மோட்டாரு பத்தலையோ என்னமோ” என்றார். எனக்கு இருந்த எரிச்சலில், “இது தண்ணி இல்லப்பா” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதுரைக்குப் போனேன். என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன், மாசி வீதிகளுக்கு உள்ளே ஒரு சந்தில் அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் எலெக்ட்ரிக் சாமான் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அத்தா முன்பக்கம் சுவிட்சு, பல்பு விற்பார். பின்பக்கம் இவன் கேமரா வயர், கம்ப்யூட்டர் வயர் விற்பான். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் சிரிக்காமல் கேட்டான். முடித்ததும் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.

“மாப்ள, நீ டப்பாவ எங்க வச்ச?”

“அத்தை வீட்டுல.”

“அங்க எதுக்குடா வச்ச? நீட்ட வேண்டிய பக்கம் அது இல்ல. யூஎஸ்பி நோஞ்சான். மேசையில இருந்து பிரிண்டர் வரைக்கும் நடக்கும், அதுக்கு மேல மூச்சு வாங்கும். நடுவுல பூஸ்டர் வச்ச வயரு இருக்கு, ஆனா வெயில்லயும் மழையிலயும் தெருவுல தொங்க விட அது ஆகாது. லேன் வயரு அப்படி இல்ல. ஒங்க தெருவென்ன, ஒங்க ஊரையே தாண்டும்.”

“அப்ப டப்பா?”

“அது ஒன் மேசைக்குப் போகட்டும். லேன் வயரு தெருவத் தாண்டட்டும். அம்புட்டுத்தான். இதுக்குப் போய் ஒரு நாள் பூரா தெருவுல ஓடியாந்து நின்னுருக்க.”

முன்பக்கம் இருந்து அத்தா, “ஏன்டா படிச்ச புள்ளையக் கிண்டல் பண்ற?” என்றார்.

“நானும் அதே காலேஜுதான் அத்தா” என்றான் இவன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துவிட்டு, நீல நிற வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தான். வயரின் தோலை உரித்தால் உள்ளே எட்டு இழைகள், எட்டு நிறம். அவற்றை வரிசை மாறாமல் அடுக்கி, கண்ணாடி மாதிரி இருக்கும் முனைக்குள் விட்டு, ஒரு குறடால் நறுக்கென்று அமுக்கினான். அத்தை வீட்டு மாடியில் இருந்து எங்கள் மாடிக்கு வயரைத் தூக்கிப் போட்டோம். இரண்டு மாடியிலும் ஒரு வட்டம் சுருட்டி, தளர்வாக விட்டுக் கட்டினான்.

“இந்த வளையத்த யாரும் தொடக் கூடாது மாப்ள. காத்தடிச்சா, யாராச்சும் தூக்குனா, இதுல இருந்துதான் நீளம் எடுத்துக்கும்.”

ஊரில் கரண்ட் போகும் வரும் என்பதால், மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தான். சொருகினோம். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நான் அறைக்கும் மாடிக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

“ஒக்காருடா, தலை சுத்துது” என்றான். “இன்ஷா அல்லா, ஒரு தும்மல் கூட வராது.”

தேர்வுத் தேதி வந்தது. அன்றைக்குத்தான் ஊரில் புரவி எடுப்பு.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு மண்ணால் குதிரை செய்வார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். மண்பாண்டம் செய்கிற வேளார் தெருவில் வைத்து வர்ணம் தீட்டி, கண் திறந்து, மூங்கில்களில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றித் திடலுக்குக் கொண்டுவருவார்கள். தூக்கிய குதிரையைத் திடலில்தான் இறக்கலாம். நடுவழியில் தரையைத் தொட்டால் அது ஊருக்கு ஆகாது என்பார்கள். முதல் குதிரையில் எந்த வகையறா எந்த மூங்கிலுக்குத் தோள் கொடுப்பது என்பதெல்லாம் எப்போதோ முடிவான விஷயம். எங்கள் வீட்டுக்கும் ஒரு தோள் உண்டு. அந்த வருஷம் அப்பா அதை எனக்கு விடுவதாக இருந்தார். தேர்வு என்றதும், “சரி, நானே குடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

தேர்வு இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். குதிரைகள் எப்போதும் வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகுதான் எங்கள் தெருவுக்குள் வரும். விழாக் கமிட்டித் தலைவர் எனக்குத் தாத்தா முறை. அவரிடம் போய், “அஞ்சு மணிக்கு வயரக் கழட்டிருவேன் தாத்தா” என்று சொல்லி வைத்தேன். “கழட்டிரு, கழட்டிரு” என்றார்.

முதல் நாள் சாயங்காலம் அப்பா மாடிக்குப் போய் வந்தார். கையில் சணல் நார். முகத்தில் ஒரு திருப்தி.

“ஒயரு தொய்ஞ்சு கெடந்துச்சு தம்பி. ரெண்டு பக்கமும் போயி நல்லா இழுத்துக் கட்டிட்டேன். கெணத்து மோட்டாருக்கு ஒயரு இழுத்தா அப்படித்தான் வெறப்பா நிக்கணும். தொங்குச்சுன்னா மாடு மாட்டும், டிராக்டரு மாட்டும்.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நண்பன் விட்ட வளையங்கள் இரண்டு மாடியிலும் இல்லை. மிச்ச வயரைத் தூணில் சுற்றி, நாரை நனைத்து இழுத்து, கல் மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார். வயர் வீணைத் தந்தி மாதிரி தெருவுக்கு மேலே விறைத்து நின்றது. கீழே வந்து மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இணைப்பு இருக்கிறதல்லவா, இப்போது எதையாவது தொட்டுக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஐந்து மணிக்குக் கழற்றத்தானே போகிறோம்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினேன். அம்மா வெளியே காவல். லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். முகம் திரையை விட்டுத் திரும்பினால் ஓரத்தில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வரும் என்றார்கள். பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. மிக்ஸி வாங்கியவருக்கு மூடி வரவில்லை. செருப்பு வாங்கியவருக்கு இரண்டும் இடது கால். ஒவ்வொருவருக்கும் கோபம் வராமல், தாமதிக்காமல் பதில் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே இருந்தேன். பாதிக்கு மேல் வந்திருப்பேன். கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அது கேமராவில் தெரியாது.

திடீரென்று ஃபேன் நின்றது.

குதிரை தூக்கினால் மின்வாரியத்தில் சொல்லிக் கரண்டை நிறுத்துவார்கள், வழியில் இருக்கும் கம்பிகளுக்காக. அப்படியென்றால் தூக்கிவிட்டார்கள். ஏன் இப்போதே? அறை இருட்டாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஜன்னலில் வெயில் இல்லை. மலைப் பக்கம் மழை கட்டியிருக்கிறது. காயாத வர்ணம் மழையில் கரைந்துவிடும் என்று நேரத்தோடு தூக்கிவிட்டார்கள். எல்லாம் புரிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியாது. தலையைத் திருப்பக் கூட முடியாது. ஒரு முறை கண் ஜன்னலுக்குப் போனது, உடனே மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டது.

கொட்டுச் சத்தம் தெரு முனையில் கேட்டது. குலவை கேட்டது. அருகே, இன்னும் அருகே. பிறகு எங்கள் வாசலுக்கு நேராக வந்து எல்லாமே சட்டென்று நின்றது.

“யாரு வீட்டு ஒயருடா இது?”

தாத்தாவின் குரல்.

“நம்ம படிச்ச பய வீட்டு ஒயரு.”

“அஞ்சு மணிக்குக் கழட்டிருவேன்னானே?”

“நம்மதான் தாத்தா முன்னாடியே வந்துட்டோம்.”

“பின்ன, மழை வாட்ச்ச பாத்தா வரும்?”

திரையில் ஒருவர், தன் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று கேட்டிருந்தார். நான் விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஓடவில்லை. வெளியே, வழியில் குறுக்கிடும் வயர்களைத் தூக்கிவிடக் கவைக்கம்பு வைத்திருந்த பையன்கள் வயரைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். “அசைய மாட்டேங்குது! இரும்புக் கம்பி மாதிரி நிக்குது!” என்று ஒருவன் கத்தினான்.

“மேல போயி முடிச்ச அவுருங்கடா.”

மாடியில் அம்மாவின் குரல் கேட்டது. எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை. “எறுகிப் போச்சுண்ணே, நகம்தான் பேருது. நாரு ஒயரோட பதிஞ்சு கெடக்கு, அருவா வச்சா ஒயரும் சேந்து போயிரும். இது அவுக போட்ட முடிச்சு, அவுக வந்தாத்தான் அவுரும்.”

அவுக என்றால் அப்பா. அப்பா முதல் குதிரைக்கு அடியில் இருந்தார்.

“எப்படிண்ணே வருவாரு, தோள்ல சாமி இருக்கு” என்றது ஒரு குரல்.

“எம்புட்டு நேரம்தான் நிக்கிறது? தோளு கழண்டு போச்சு” என்றது இன்னொரு குரல்.

“அறுத்து விடுங்க மதினி, பெறகு ஒட்டிக்கிடலாம்!”

“எம் மகன் உள்ள பரீட்சை எழுதுறான். இத அறுத்தா அவன் எழுதுனதெல்லாம் போச்சு” என்றாள் அம்மா. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. “நான் அறுக்க மாட்டேன்.”

அப்போது எதிர்ப் பக்கத்தில் இருந்து அத்தை கிளம்பி வந்திருக்கிறாள். “வெலகுங்க, வெலகுங்க, நான் தூக்குறேன்!”

“அய்யய்யோ, அத்தே! அது தொரட்டி! நுனியில அருவா இருக்கு!”

“எனக்குத் தெரியாதாடா? முதுகுப் பக்கமாத் தூக்குறேன்.”

“முருங்கக்காயவே நீங்க கண்ண மூடிக்கிட்டுத்தான் இழுப்பீங்க. கீழ வைங்க அத்தே!”

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் அந்த ஆள் மறுபடி கேட்டுவிட்டார். ‘சற்றுப் பொறுத்திருங்கள், உங்கள் ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினேன். முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. ஒரு நிமிஷம் நானே எழுந்து போய்ப் பிடுங்கிவிடலாமா என்று கூட நினைத்தேன். அத்தனை பேர் தோளில் பாரத்தோடு எனக்காக வெயிலில்லாத அந்தப் புழுக்கத்தில் நிற்கிறார்கள். என் கால் நின்றுவிட்டிருந்தது.

பிறகு அப்பாவின் குரல். கீழே இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

“ஏப்பா… தோள்ல இருந்து கைக்கு எறக்குங்க. தரை படாமக் குனிஞ்சு போயிருவோம்.”

“என்னப்பா சொல்ற?” என்றார் தாத்தா. “சாமி குனியுறதா?”

“சாமி ஏன் குனியுது. நம்மதான குனியுறோம்.”

தகரத்தில் ஒன்றிரண்டு மழைத்துளி விழும் சத்தம் கேட்டது. பிறகு தாத்தா சொன்னார், “சரி. தரை படக் கூடாது. எல்லாரும் ஒண்ணா எறக்கணும். ஒருத்தன் முந்துனான், மத்தவன் பிந்துனான்னு இருக்கக் கூடாது.”

“குனிங்க… குனிங்க… இன்னும் குனிங்க…”

அது ஏறக்குறைய ஒரு முனகலாகத்தான் கேட்டது. கொட்டு இல்லை, குலவை இல்லை. கால்கள் சிமெண்டுத் தரையில் தேய்கிற சத்தம். யாரோ, “காது… காதப் பாருங்க” என்றார்கள். என் திரையில் எல்லாம் அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு சின்ன வளையம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. அது சுற்றி முடித்து மறைந்தது. பாதியில் நின்ற என் வாக்கியம் அங்கேயே இருந்தது.

“தட்டல! தாண்டியாச்சு!” என்று கத்தினார்கள். குலவை வெடித்தது. அடுத்த குதிரை. அதற்கும் குனிங்க, குனிங்க. பின்னால் வந்தவையெல்லாம் அப்படியே போயின. கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. நான் மிக்ஸி மூடிக்கும் செருப்புக்கும் ஐந்து மணி வரைக்கும் பதில் எழுதினேன்.

நடந்ததைக் கண்ணால் பார்த்தது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பையனின் போனில்தான். வெள்ளைக் குதிரை, சிவப்புக் கடிவாளம். என் நீல வயருக்கு முன்னால் நிற்கிறது. சுற்றிலும் வெற்று முதுகுகள். மூங்கில் தோளில் இருந்து மெதுவாகக் கைகளுக்கு இறங்குகிறது. குதிரையின் காது வயரை உரசுகிறது, வயர் அதிர்கிறது. முன் வரிசையில் அப்பா ஒரு முழங்காலை ஊன்றி, மறுபடி எழ முடியாமல் எழுகிறார். நான் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பையன், “அண்ணே, சார்ஜு போகுது” என்று பிடுங்கிக்கொண்டான்.

அப்பா வாசலில் உட்கார்ந்து முழங்காலில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்.

“கொஞ்சம் தொய்வா விட்டிருக்கணுமோ?”

“ஆமாப்பா.”

“மோட்டாரு ஒயருக்கு அப்படி இல்ல பாரு” என்றார்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. முடிவு வரவில்லை. நான் மறுபடி நாலுவழிச் சாலைக்குப் போய் லாரி பார்க்க ஆரம்பித்தேன். தெருவில் நடந்தால், “சாமியவே குனிய வச்ச ஆளு போறாரு, வழி விடுங்கப்பா” என்பார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ரெண்டு பேர் குனிந்து போவார்கள். சிரித்துக்கொள்வேன். தேறாமல் போனால் இந்தச் சிரிப்பு எப்படி மாறும் என்று மட்டும் உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் போன் வந்தது. மாடியில் தொட்டி ஓரத்துக்கு ஓடினேன். கம்பெனியில் இருந்து ஒரு பெண்.

“சார், உங்க டெஸ்ட் ரெக்கார்டிங்ல நடுவுல நிறைய குரல் கேக்குது. யாரோ ‘குனிங்க, குனிங்க’ன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அது உங்களுக்கா சொன்னாங்க?”

“இல்லைங்க மேடம். குதிரை தூக்குனவங்களுக்கு.”

“எதைத் தூக்குனவங்களுக்கு?”

சொன்னேன். முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், வயர், முடிச்சு, மழை, தொரட்டி உட்பட. நகராமல் ஒரே இடத்தில் நின்று அவ்வளவு நேரம் நான் பேசியது அன்றைக்குத்தான். கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண், “அந்த வீடியோ இருந்தா அனுப்புங்க சார்” என்றார். பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “எனக்கும் பாக்கணும்” என்றார்.

வேலையில் சேரச் சொல்லி மெயில் வந்தது. அம்மா அதைத் திரையில் தொட்டுப் பார்த்தாள். நண்பன் வந்து வயரைப் புதிதாகக் கட்டினான். இரண்டு மாடியிலும் பெரிய பெரிய வளையம் விட்டான். அப்பா கூடவே நின்று அவன் போட்ட முடிச்சைப் பார்த்தார். அந்த அறையில்தான் இப்போதும் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தெற்கு வரிசைக்கு ஃபைபர் அடுத்த மாதம் வருகிறதாம்.

இந்த வருஷமும் புரவி எடுப்புக்கு நாள் குறித்துச் சாட்டிவிட்டார்கள். தாத்தா வாசலில் வந்து நின்றார்.

“என்னப்பா, இந்தத் தடவை எப்படி? சாமி நிமுந்து போகலாமா?”

“லீவு சொல்லிட்டேன் தாத்தா. காலையிலயே வயரக் கழட்டிருவேன்.”

“ஒயரு கெடக்கட்டும். மொதக் குதிரைக்கு ஒங்க வீட்டுத் தோளு யாரு?”

“நான்தான்.”

என் தோளை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “கம்ப்யூட்டரு தட்டுன ஒடம்பு. தாங்குமா?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா, “குனியச் சொன்னாக் குனிவான், விடுங்க” என்றார்.

நேற்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். வயரைத் தூணில் கட்டியிருந்த நாரை அப்பா மாற்றிப் போட்டிருந்தார். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வரும் முடிச்சு. இழுத்தேன், வந்துவிட்டது. மறுபடி அதே மாதிரி போட்டுவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். சரியாகத்தான் போட்டேனா? திரும்பவும் ஏறி, இழுத்துப் பார்த்தேன்.